நான் சிரித்த நான்கு நாட்கள்

என் முகத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் பின்னால் நடந்தது விளங்காது. பிறந்ததிலிருந்தே எனக்கு உதட்டின் இரண்டு ஓரமும் கீழே இறங்கியிருக்கும். சும்மா உட்கார்ந்திருந்தாலும் யாரையோ முறைக்கிறேன் என்பார்கள். முகம் இப்படி என்றால் வாய் அதற்கும் மேல். பினாங்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகச் சேர்ந்து, தலைமை ஆசிரியரைப் பிள்ளைகள் முன்னால் திட்டி, ஆறே மாதத்தில் வெளியே வந்தேன். அப்புறம் ஒரு மருந்துக் கடை. இருமல் மருந்து கேட்டு வந்தவரிடம், "உமக்கு இருமல் இல்லை, வேலைக்குப் போக மனசில்லை" என்று சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன். அந்த வேலையும் போயிற்று.

கரையில் இந்த மூஞ்சிக்கு வேலை கொடுக்க இனி ஆள் இல்லை என்று ஆன பிறகுதான் கடலுக்குப் போனேன். நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் நடுவே ஓடிய ஒரு கப்பலில் கிராணி வேலை. கிராணி என்றால் எழுத்து வேலை பார்க்கிறவன் என்று பெயர். ஆனால் கப்பல் கிராணிக்கு எழுத்து கொஞ்சம், கத்தல் நிறைய. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வரும் நூற்றுக்கணக்கான ஜனங்களுக்குச் சுண்ணாம்புக் கட்டியால் ஆளுக்கொரு கட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும். தண்ணீருக்கு வரிசை, சோற்றுக்கு வரிசை, தளத்து ஓரக் கம்பி மேல் ஏறாதே, வெற்றிலையைத் துப்பாதே, அடுப்பு மூட்டாதே. கர்த்தர் என்னை எதற்காக இப்படிப் படைத்தார் என்று எனக்கு அங்கேதான் புரிந்தது.

பன்னிரண்டு வருடம் திட்டினேன். ஒரு குறையும் வரவில்லை. பினாங்கில் ஆயர் ஈத்தாம் சாலையில் இரண்டு அறை வாடகை வீட்டில் என் மனைவியும் மூன்று பெண் பிள்ளைகளும் அந்தத் திட்டில்தான் சாப்பிட்டார்கள்.

பதின்மூன்றாம் வருடம் பினாங்குத் துறைமுகத் தெருவான வெல்ட் கீயில் இருந்த எங்கள் ஏஜெண்டு ஆபீசுக்குப் புதுத் துரை ஒருவர் வந்து சேர்ந்தார். சீமையிலிருந்து பெரிய கப்பலில் முதல் வகுப்பில் வந்தவர். அந்தக் கப்பலில் ஒரு பரிமாறுகாரன் தினமும் காலையில் அவரிடம் "நன்றாகத் தூங்கினீர்களா?" என்று கேட்டானாம். அவர் சொன்ன நகைச்சுவைக்கெல்லாம் சிரித்தானாம். துரைக்குப் பயணம் முழுவதும் சொர்க்கமாக இருந்ததாம். அதிலிருந்து அவர் ஒரு தத்துவம் கண்டுபிடித்திருந்தார். பயணத்தின் இன்பம் கடலிலும் இல்லை, சாப்பாட்டிலும் இல்லை. சிப்பந்தியின் சுபாவத்தில்தான் இருக்கிறது. இதை என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். மெத்தையில் படுத்து வந்த மனிதன் சுபாவத்தைப் பற்றிப் பேசலாம், பலகையில் படுத்து வருகிறவனுக்கு முதுகுதான் ஞாபகம் இருக்கும் என்று சொல்ல வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"உங்கள் சுபாவத்தைப் பற்றிக் கேள்விப்பட்டேன்" என்றார். "எங்கே, சிரியுங்கள் பார்ப்போம்."

சிரித்தேன். துரை கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகத் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பழகிக்கொள்ளுங்கள்" என்றார்.

நிபந்தனை இதுதான். நாகப்பட்டினத்திலிருந்து திரும்பி வரும்போது ஆறு நாளும் நான் சிரித்த முகமாக இருக்க வேண்டும். குரல் உயரக் கூடாது. காலையில் எல்லோரிடமும் தூக்கம் விசாரிக்க வேண்டும். மூன்றாம் நாள் பாயசம். கப்பலின் மூன்றாம் அதிகாரி, மீசை முளைக்காத ஒரு வெள்ளைக்காரப் பையன், என் நடத்தையை ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே வருவான். பினாங்கில் துரையே கப்பலுக்கு வந்து ஜனங்களை விசாரிப்பார். அவர்கள் சந்தோஷமாக வரவில்லை என்றால் நான் இறங்கிப் போக வேண்டியதுதான். இறங்கி எங்கே போவது? பள்ளிக்கூடமா, மருந்துக் கடையா?

போகும் வழியெல்லாம் பழகினேன். என் கப்பல் சிநேகிதன் ஒருவன்தான், சமையல் பார்க்கும் பண்டாரி. அவன் முன்னால் நின்று சிரித்துக் காட்டுவேன்.

"அண்ணே, பல்லு வலிக்குதா?"

"சிரிக்கிறேன்டா."

"அப்போ கொஞ்சம் கம்மியா சிரிங்க. கொழம்பு திரிஞ்சிடும்."

நாகப்பட்டினத்தில் ஜனங்கள் படகில் வந்து ஏறினார்கள். நான் ஏணி முனையில் நின்றுகொண்டு ஒவ்வொருவருக்கும், "வாங்க வாங்க, பார்த்து ஏறுங்க" என்று சொன்னேன். பன்னிரண்டு வருடத்தில் அந்த இடத்தில் நின்று நான் சொன்னது "சீக்கிரம் ஏறித் தொலை" ஒன்றுதான். பினாங்குத் தீவின் பாலிக் புலாவில் ஜாதிக்காய்த் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். என்னுடைய கப்பலிலேயே நாலைந்து தடவை வந்தவர். ஏணியில் பாதி ஏறியவர் என் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றார். மேலே வருவதா கீழே போவதா என்று யோசிப்பது நன்றாகத் தெரிந்தது. பின்னால் வந்தவர்கள் தள்ளியதால்தான் மேலே வந்தார்.

அவருக்குப் பின்னால் ஒரு பெண், இடுப்பில் கைக்குழந்தை, தலையில் அம்மிக்கல். பினாங்கில் இருக்கும் புருஷனிடம் போகிறாள். வேறு நாளாக இருந்தால் அந்த அம்மியைப் பற்றி நான் பேசிய பேச்சில் அவளே அதைக் கடலில் போட்டிருப்பாள். அன்றைக்கு, "கனக்குமேம்மா, நான் வாங்கிக்கட்டுமா?" என்றேன். அவள் அம்மியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை கட்டம் கட்டமாகப் போய்த் தூக்கம் விசாரித்தேன். "நல்லா தூங்கினீங்களா?" என்று கேட்டால் பதிலுக்குக் கேள்விதான் வந்தது. ஒருவர், "தூங்கக் கூடாதுங்களா?" என்று கேட்டார். அம்மிக்காரப் பெண், "ஏன், ராத்திரி என்ன நடந்துச்சு?" என்றாள். ஒன்றும் நடக்கவில்லை என்று சிரித்தேன். அவள் குழந்தையைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

அதற்கு முன் எனக்குத் தெரியாத ஒரு விஷயம் அந்தப் பயணத்தில்தான் தெரிந்தது. ஜனங்களுக்கு என் திட்டுதான் கடிகாரம். காலைத் திட்டு வந்தால் தண்ணீர் வரும். நடுப்பகல் திட்டு வந்தால் சோறு. சாயந்தரத் திட்டுக்குப் பாயைத் தட்டிப் போடுவார்கள். அதோடு, நான் அந்தப் பக்கம் போனதும் யாராவது ஒருவன் எழுந்து என்னைப் போலவே நடந்து, என்னைப் போலவே உதட்டைத் தொங்கவிட்டுப் பேசிக்காட்டுவானாம். மொத்தத் தளமும் உருண்டு சிரிக்குமாம். ஒவ்வொரு பயணத்திலும் இது நடந்திருக்கிறது. பண்டாரி இதைச் சொன்னபோது எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், ஆறு நாள் அவர்களுக்கு இருந்த பொழுதுபோக்கு நான் ஒருவன்தான். என்னைத் திட்டுவதில் எல்லா ஊர்க்காரரும் எல்லா சாதிக்காரரும் ஒன்றாக இருந்தார்கள். இப்போது திட்டுவதற்கு ஆள் இல்லாமல், "உன் பாய் என் கட்டத்தில் இருக்கிறது" என்று ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். சாயந்தரத்துக்குள் இரண்டு அடிதடி. நான் நடுவில் போய்ச் சிரித்தேன். சண்டை போட்டவர்கள் என்னைப் பார்த்ததும் ஒரே பாயில் நெருங்கி உட்கார்ந்துகொண்டார்கள்.

மூன்றாம் அதிகாரிப் பையனுக்குத் தமிழ் தெரியாது. என் குரலையும் பல்லையும் மட்டும் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தான். அதைக் கவனித்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. அடுத்த நாள் காலையில் வாய் நிறையச் சிரிப்பும் குழந்தையைக் கொஞ்சுகிற குரலுமாகப் போய், "கழுதை, வெற்றிலையைத் துப்பினாயென்றால் பல்லைப் பிடுங்கிக் கையில் கொடுத்துவிடுவேன்" என்றேன். அதிகாரி தலையை ஆட்டிப் புத்தகத்தில் எழுதினான். எனக்கும் மூன்று நாளில் முதல் தடவையாக மூச்சு விட முடிந்தது. ஆனால் துப்பியவன் வெலவெலத்துப்போய் வெற்றிலையை விழுங்கிவிட்டான்.

பண்டாரி என்னை ஓரமாக இழுத்தான். "அண்ணே, திட்டு சரி. சுதி சரியில்ல. சிரிச்சிக்கிட்டே பல்லப் புடுங்குறேன்னு சொன்னா யாருக்குத்தான் கை கால் ஓடும்?"

அதற்குள் ஜாதிக்காய்த் தோட்டக்காரர் ஒரு முடிவுக்கு வந்து, அதைத் தளம் முழுவதும் பரப்பியிருந்தார். பண்டாரிதான் வந்து சொன்னான். அவர் பேசியது இதுதானாம்: "மொத தடவ என்னையக் கூட்டிட்டு வந்த கங்காணி இப்படித்தான் பேசினாரு. சாப்பிட்டியா, தூங்கினியா, எல்லாம் கேட்டாரு. பினாங்குன்னு சொல்லி எங்கியோ ரப்பர் காட்டுல கொண்டு போய் விட்டாரு. எறங்கின மறுநாள்லேருந்து ஒரு நல்ல வார்த்த கெடையாது. இந்த கிராணியும் நல்லவராயிட்டாருன்னா, இந்தக் கப்பலு பினாங்குக்குப் போகலன்னு அர்த்தம்."

இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்த ஜனங்களிடம் அதுவரை இனிமையாகப் பேசிய அந்நியன் யார் என்று யோசித்துப் பார்த்தேன். ஆள் பிடிக்க வந்தவனைத் தவிர ஒருவனும் இல்லை. அவர்கள் பயந்ததில் ஒரு தப்பும் கிடையாது.

ஆனால் நான் என்ன செய்ய? "பினாங்குக்குத்தான் போகிறோம்" என்று வீடு வீடாகப் போகிற மாதிரி கட்டம் கட்டமாகப் போய்ச் சிரித்துச் சொன்னேன். சொல்லச் சொல்ல முகங்கள் வெளுத்தன. கேட்காதவனிடம் போய் எந்த ஊருக்குப் போகிறோம் என்று எவனாவது சொல்வானா? அன்றைக்குப் பார்த்துப் பாயச நாள் வேறு. கல்யாணமும் இல்லை, திருநாளும் இல்லை, கப்பலில் பாயசம். வாங்கிக்கொண்டு போன ஒவ்வொருவரும் கம்பி ஓரம் நின்று மெதுவாகக் கடலில் ஊற்றினார்கள். மயக்க மருந்து என்று பேச்சு. பண்டாரி சமையல்கட்டு வாசலில் நின்று அத்தனையும் பார்த்தான். இரண்டு பெரிய பாத்திரம் பாயசம், முந்திரி போட்டது. அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அண்ணே, உங்க கால்ல விழுறேன். ஒரே ஒரு வார்த்த சத்தமா திட்டுங்க. ஜனங்க பட்டினி கெடக்குது."

"திட்டினா என் வீட்டுல பட்டினிடா" என்றேன்.

நான்காம் நாள் பிற்பகல் அது நடந்தது. சுமத்திராவின் வடமுனையில் சில தீவுகள் உண்டு. வழக்கமாக அவற்றை இருட்டில் தாண்டுவோம். யார் கண்ணிலும் படாது. அந்தத் தடவை நாகப்பட்டினத்திலேயே தாமதமாகக் கிளம்பியதால் பட்டப்பகலில் எதிரே ஒரு மலை எழுந்து நின்றது. ஜாதிக்காய்த் தோட்டக்காரர் எழுந்து பார்த்தார். "நான் இத்தனை தடவ வந்திருக்கேன், இந்த மலைய பாத்ததே இல்ல" என்றார். அவ்வளவுதான். மொத்த ஜனமும் மூட்டை முடிச்சோடு ஒரே பக்கம் ஓடிற்று. கப்பல் அந்தப் பக்கம் சாய்ந்தது நன்றாகவே காலில் தெரிந்தது. இரண்டு வாலிபர்கள் கம்பி மேல் ஏறிவிட்டார்கள், கரை கிட்டத்தில் இருக்கும்போதே நீந்திப் போய்விடலாம் என்று. அம்மிக்காரப் பெண் குழந்தையோடு கம்பியை ஒட்டி நின்றாள். பின்னாலிருந்து கூட்டம் அவளை நெருக்கியது.

பத்தடி தூரத்தில் மூன்றாம் அதிகாரி புத்தகத்தோடு நின்றான். நான் அவனையும் பார்த்தேன், அந்தக் குழந்தையையும் பார்த்தேன். போனால் போகட்டும் வேலை என்று நினைத்தேனா என்றால் இல்லை. நினைக்க நேரமே இல்லை. பன்னிரண்டு வருட வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஏய், யார்ரா அது கம்பி மேல? உங்கப்பன் வச்ச மாமரமா? எறங்குடா கழுத. ஏம்மா அம்மிக்காரி, கல்லத் தூக்கியாந்தியே, மூளைய ஊர்லயே வச்சிட்டு வந்துட்டியா? பிள்ளைய உள்ள கொண்டு போ. அவனவன் கட்டத்துக்கு நட. தெரியாத மலையப் பாத்தா கப்பலக் கவுக்கிறதா? அது சுமத்திரா, மடப்பசங்களா. நாளான்னிக்குக் காலைல பினாங்கு. அதுவரைக்கும் எவனாவது எழுந்திரிச்சான், எறங்குறப்போ கால் இருக்காது."

இதற்கு மேல் சொன்னதை எழுத முடியாது. மூன்று நாள் அடக்கி வைத்ததெல்லாம் வந்தது.

ஜாதிக்காய்த் தோட்டக்காரர் மூட்டையைக் கீழே வைத்தார். "பினாங்குதான் லா" என்றார் பினாங்குப் பேச்சில், எல்லோருக்கும் கேட்கும்படி. "அவரு தெளிஞ்சிட்டாரு." கூட்டம் கலைந்தது. எல்லோரும் தத்தம் கட்டத்தில் போய் உட்கார்ந்தார்கள். நான் திரும்பி நடந்தபோது பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. எவனோ என்னைப் போல நடந்து காட்டுகிறான் என்று தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்குச் சாயந்தரம் பண்டாரியிடம் மூன்றாம் தடவை சோறு கேட்டு வந்தவர்கள் உண்டு. பாயசம் மிச்சம் இருக்கிறதா என்றுகூட ஒருவர் கேட்டாராம். அவன் கரண்டியை ஓங்கினானாம்.

மூன்றாம் அதிகாரி புத்தகத்தில் நீளமாக எழுதினான்.

தளத்துப் பயணிகளை ஊருக்குள் விடுமுன் நோய் பார்க்க அடைத்துவைக்கும் ஜெரஜாக் தீவுக்கு எதிரே கப்பல் நின்றது. துரை விசைப்படகில் வந்து ஏறினார். புத்தகத்தை வாங்கிப் படித்தார். முதல் மூன்று நாள் படிக்கும்போது முகம் மலர்ந்தது. நான்காம் நாளில் இருண்டது. "கடைசிவரை தாக்குப்பிடிக்கவில்லை நீங்கள்" என்றார். ஆனாலும் மனிதர் நியாயஸ்தர். சொன்னபடி ஜனங்களை விசாரித்துவிடுவோம் என்றார். அப்போதுதான் ஒரு சங்கடம் தெரிந்தது. துரைக்குத் தமிழ் தெரியாது, ஜனங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, இரண்டும் தெரிந்தவன் கப்பலில் நான் ஒருவன்தான். என்னைப் பற்றிய விசாரணைக்கு நானே மொழிபெயர்ப்பாளன்.

முதலில் ஜாதிக்காய்த் தோட்டக்காரர். கிராணி அன்பாக இருந்தபோது எப்படி இருந்தது என்று துரை கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"அந்த நாள்ல சோறு எறங்கல துரை. பயமா இருந்துச்சு."

இதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். துரை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கத்தியபோது எப்படி இருந்தது என்று கேட்டார்.

"அன்னிக்குத்தான் நல்லா தூங்கினோம். எங்க அப்பாவே வந்து திட்டின மாதிரி இருந்துச்சு."

அதையும் ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன். துரை புத்தகத்தை மூடினார். "போதும்" என்றார். "உங்களைக் காப்பாற்றிக்கொள்ள இதைவிடக் கொஞ்சம் நம்பும்படியான பொய்யாகச் சொல்லியிருக்கலாம்."

வாழ்க்கையில் உண்மையைச் சொல்லி இரண்டு வேலை இழந்தவன் நான். மூன்றாவதும் அதே வழியில் போகிறது. திட்டக்கூட வரவில்லை. "ஐயா, வேறு யாரையாவது கொண்டு கேளுங்கள்" என்றேன். வேறு யார் இருக்கிறார்கள்? துரை புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு, "சரி, மொழியே வேண்டாம். அவர்களைப் பார்த்துச் சிரியுங்கள்" என்றார்.

திரும்பினேன். மூட்டை கட்டி இறங்கத் தயாராக உட்கார்ந்திருந்த அத்தனை ஜனத்தையும் பார்த்து, பழகி வைத்திருந்த சிரிப்பை முழுவதுமாகச் சிரித்தேன்.

அம்மிக்காரப் பெண் குழந்தையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். ஒருவர் எழுந்து ஜெரஜாக்கைப் பார்த்து, அது எந்த ஊர் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். ஜாதிக்காய்த் தோட்டக்காரர் துரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். எங்கோ ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது, அடுத்து இன்னொன்று. துரை ஒரு எட்டு பின்னால் வைத்தார்.

"திட்டுங்கள்" என்றார், அவசரமாக.

"என்னத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க, துரை தலையில கொம்பா மொளச்சிருக்கு? மூட்டைய எடுத்து வரிசையா நில்லுங்க சனியன்களா."

அத்தனை முகத்திலும் ரத்தம் திரும்பி ஓடியது. நொடியில் வரிசை கட்டி நின்றார்கள். அம்மிக்காரப் பெண் சிரித்தேவிட்டாள். அந்த ஆறு நாளில் அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

துரை வெகுநேரம் எழுதினார். என்னிடம் ஒரு தாள் கொடுத்தார். வேலை எனக்கே நிலைக்கிறது. சிப்பந்தியின் சுபாவம் பயணத்தின் இன்பத்தை மிகவும் பாதிக்கிறது என்பது நிரூபணமாகிவிட்டது. ஆகவே இந்தக் கிராணி பணி நேரத்தில் இனிமேல் சிரிக்கக் கூடாது. தத்துவத்தை மட்டும் மனிதர் விடவில்லை.

தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெல்ட் கீயிலிருந்து வீடு வரை நடந்தே போனேன். இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. மாதாவே, வேலை இருக்கிறது, பிள்ளைகளுக்குச் சோறு இருக்கிறது. வாசலில் கால் வைக்கும்போது எனக்கே தெரியாமல் முகத்தில் சிரிப்பு வந்திருந்தது. துரைக்காகப் பழகியது அல்ல. அதுவாக வந்தது.

என் மனைவி முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். மூன்று பெண்களும் அவள் பின்னால் வந்து நின்றார்கள்.

"வேலை போயிருச்சா?" என்றாள்.

"இல்ல, நிலைச்சிருச்சு" என்று சிரித்தேன்.

"பரவாயில்ல, எங்கிட்ட மறைக்காதீங்க. எங்க அண்ணன்கிட்ட கேட்டுப் பாக்கிறேன். எப்படியாச்சும் சமாளிக்கலாம்." சின்னவள் அழத் தயாராக உதட்டைப் பிதுக்கினாள்.

தாளை எடுத்துக் காட்டினேன். அவளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. நான் படித்துச் சொல்லச் சொல்ல அவள் தாளைப் பார்க்கவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் வேறு வழியில்லாமல் குரலை உயர்த்தினேன். "ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன், வாசல்ல தண்ணி கூட தெளிக்கல. இந்த நேரத்துல அரிசி பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்க. மனுஷன் பசியோட வருவானேன்னு அறிவு வேணாம்?"

அவள் நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டாள். பிள்ளைகள் கலைந்து விளையாடப் போனார்கள். "கை கால் கழுவிட்டு வாங்க, அஞ்சு நிமிஷத்துல சோறு போடுறேன்" என்று உள்ளே போனாள். போகும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அந்த நிம்மதியைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. கிணற்றடியில் நின்று வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தேன்.